ஓடப்பேட்டில் ஓர் ஆறு இருந்ததா?

முதலில் சேறுதான் வந்தது. பிறகு கலங்கல். அதன் பிறகு, நாங்கள் போட்டிருந்த துளையின் வாய்வழியே விரல் பருமனுக்குத் தெளிந்த தண்ணீர் கொப்பளித்து வழியத் தொடங்கியது.

உச்சிவெயில். காற்றில் பக்கத்து உருக்காலையின் துரு வாடை. தண்ணீர் பட்ட இடத்தில் மட்டும் புது மண் வாசனை கிளம்பி எல்லோருடைய முகத்திலும் மோதியது.

எஸ்தர்தான் முதலில் குனிந்தாள். இரண்டு கைகளையும் குவித்து ஒரு வாய் குடித்தாள். கண்ணை மூடிக்கொண்டாள்.

"மேடம்! உப்பே இல்ல மேடம்! சொம்மா எளநீ மாதிரி கீது!"

அவ்வளவுதான். எங்கிருந்தோ குலவைச் சத்தம் கேட்டது. வயதான ஒருவர் தோளில் கிடந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு, அந்தச் சேற்றிலேயே நெடுஞ்சாண் கிடையாக விழுந்து கும்பிட்டார். "அண்ணன் வந்துட்டாரு! அண்ணன் வந்துட்டாரு!" என்று குரல்கள். யாரோ என் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள்.

நான் சிரிக்கவும் முடியாமல், அழவும் முடியாமல் நின்றேன். வாழ்நாளின் பெரும்பகுதியை மண்ணுக்குள் என்ன இருக்கிறது என்று பார்ப்பதிலேயே கழித்தவள் நான். அந்த ஆழத்தில் அப்படி ஒரு தண்ணீர் வரக்கூடாது. நாங்கள் தேடிய மணல் அடுக்கு இன்னும் வெகு கீழே இருந்தது. அப்போதுதான் களிமண்ணுக்குள்ளேயே நுழைந்திருந்தோம்.

பின்னே இது எங்கிருந்து வருகிறது?

சீர் கொண்டுவந்த அண்ணன்

இந்தத் தொடரைப் படிக்கும் ஒரு தோழி போன வாரம் கேட்டாள்: "கண்டுபிடிச்சதை மட்டும்தான் எழுதுவியா? கண்டுபிடிக்காத எதுவுமே இல்லையா?" அவளுக்காகத்தான் இந்த வாரம் ஓடப்பேடு.

கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையின் மதிற்சுவர் முடிகிற இடத்தில் அந்த ஊர் தொடங்குகிறது. ஊரின் உண்மைப் பெயர் வேறு. அந்தப் பெயரிலும் ஓடம் இருக்கிறது; ஓடம் ஓட ஒரு முழம் தண்ணீர் கிடையாது. தெற்கே ஆரணியாறு இருக்கிறது, ஆனால் அது தள்ளி. ஊருக்குள் இருப்பதெல்லாம் நெல் வயல், கருவேலம் புதர், லாரிகள் நிற்கும் மண் சாலை.

ஆனால் ஊர்க்காரர்களைக் கேட்டால் ஆறு இருந்தது என்பார்கள். அந்த ஆறு கன்னியம்மனுக்கு அண்ணன். வருடா வருடம் ஆடியில் தங்கைக்குச் சீர் எடுத்துக்கொண்டு கோயில் வாசல்வரை வருவான். ஒரு வருடம் அவன் வந்தபோது கதவு சாத்தியிருந்தது. கூப்பிட்டுப் பார்த்தான்; தங்கை தூங்கிப்போயிருந்தாள். கோபித்துக்கொண்டு மண்ணுக்குள் இறங்கிப் போய்விட்டான். அன்றிலிருந்து ஆடி மாதத்தில் பெண்கள் கோயிலுக்குப் பின்னால் இருக்கும் பள்ளத்தில் காதை வைத்துப் படுத்து, கீழே தண்ணீர் ஓடும் சத்தம் கேட்கிறதா என்று பார்ப்பார்கள்.

நானும் ஒருமுறை படுத்துப் பார்த்தேன். உருக்காலையின் அதிர்வுதான் கேட்டது. பக்கத்தில் படுத்திருந்த பெண்ணுக்கு ஆறு கேட்டது. "கேக்குது பாருங்க, கொர்ருனு" என்றாள். எனக்கும் கொர்ரென்றுதான் கேட்டது.

என் வேலையில் சுரங்கப்பாதையும் மறைந்துபோன ஆறும் இல்லாத ஊரை நான் பார்த்ததில்லை. பொதட்டூர்பேட்டைப் பக்கம் ஒரு கிணற்றுக்குள் எலுமிச்சம்பழம் போட்டால் அது கடலில் போய் மிதக்கும் என்றார்கள். போட்டோம். பழம் அடுத்த நாளும் கிணற்றிலேயே மிதந்தது. "நீங்க போட்ட பழம் சரியில்ல" என்றார்கள்.

ஆறா, கடலா

ஓடப்பேட்டுக்கு நாங்கள் கதையை நம்பிப் போகவில்லை. செயற்கைக்கோள் படத்தில் அந்த ஊர் வழியாக வளைந்து நெளிந்து ஒரு வெளிறிய கோடு தெரிந்தது. பழைய ஆறு போன தடம் அப்படித்தான் தெரியும். கடற்கரை முன்னொரு காலத்தில் உள்ளே தள்ளி இருந்திருந்தால், அந்தப் பழைய மணல்மேடும் அப்படித்தான் தெரியும். இரண்டில் எது என்பதுதான் கேள்வி.

எங்கள் நிலவியல் ஆய்வுக் குழுவின் தலைவர் ஆறு என்ற கட்சி. நான் எந்தக் கட்சியும் இல்லை. மணலைப் பார்த்துச் சொல்கிறேன் என்றேன்.

திருநின்றவூரிலிருந்து ரயிலில் திருவள்ளூர் போவேன். அங்கிருந்து ஜீப்பில் பெரியபாளையம் வழியாக ஓடப்பேடு. கோயிலைச் சுற்றித் துளை போட்டு மண்ணை எடுத்தோம். ஒரு துளையில் ஆற்று மணல் போலக் கரடுமுரடாக வந்தது. கூப்பிடு தூரத்தில் இன்னொரு துளையில் கடல் மணல் போல மழமழவென்று வந்தது. தலைவர் முதல் மணலைக் காட்டி "பார்த்தீங்களா?" என்றார். நான் இரண்டாவதைக் காட்டி "இதையும் பாருங்க சார்" என்றேன்.

மண்ணுக்குள் புதைந்த மணலுக்கு ஒரு குணம் உண்டு. கடைசியாக வெயிலைப் பார்த்துப் புதைந்து எவ்வளவு காலம் ஆனது என்பதை அது தனக்குள் வைத்திருக்கும். வெளிச்சம் படாமல் எடுத்து, கறுப்புத் துணி சுற்றி ஆய்வகத்துக்கு அனுப்பினோம். மேலே இருக்கும் மணல் இளையதாகவும் கீழே இருப்பது மூத்ததாகவும் இருக்க வேண்டும். முடிவு நேர்மாறாக வந்தது. மேலே இருந்தது தாத்தா, கீழே இருந்தது பேரன்.

அன்று மாலை வீட்டில் சாப்பாட்டுத் தட்டின் முன்னால் அதையே யோசித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். என் கணவர் கேட்டார்: "டப்பாவை மாத்தி அனுப்பிட்டியா?"

அப்படி நடந்திருந்தால் எவ்வளவு நிம்மதி! நடக்கவில்லை. மறுபடி எடுத்து அனுப்பினோம். மறுபடியும் தாத்தா மேலே.

முனிரத்தினமும் எஸ்தரும்

அந்தக் குழப்பம் என்னுடையது. ஊரின் கவலை வேறு.

ஓடப்பேட்டின் கிணறுகள் உப்பாகிப் பல காலம் ஆகிவிட்டது. குடிக்கத் தண்ணீர் லாரி வரும். வராத நாளும் உண்டு. எஸ்தர் காலனியில் இருந்தாள். அவளுடைய அப்பா அம்மா இந்த ஊர் வயல்களில் கூலிக்கு நாற்று நட்டவர்கள். அவள் தொழிற்பேட்டையில் ஒரு கேபிள் கம்பெனியில் பேக்கிங் பிரிவில் வேலை பார்த்தாள். முதல் நாளே வண்டியருகில் வந்து நின்று கேட்டாள்: "ஆறு இருந்துச்சா இல்லியான்றது அப்பறம் இருக்கட்டும் மேடம். கீழ நல்ல தண்ணி கீதா? அத்த சொல்லுங்க."

கீழே பழைய ஆற்றுமணல் இருந்தால் அதில் நல்ல தண்ணீர் தங்கியிருக்க வாய்ப்பு உண்டு என்றேன். அன்றிலிருந்து அவள் ஆற்றின் கட்சி.

முனிரத்தினம் எதிர்க்கட்சி. அறுபதைத் தாண்டியவர். ஊரிலேயே அதிக நெல் வயல் அவருடையது. படத்தில் தெரிந்த வெளிறிய கோடு அவருடைய நிலத்தின் நடுவில்தான் போனது. துளை போட அனுமதி கேட்டுப் போனபோது வரப்பிலேயே நிறுத்திவிட்டார்.

"நீ பாட்டுக்கு ஆறு இருந்துச்சுன்னு எழுதிட்டுப் போயிடுவம்மா. நாளைக்கு ஒருத்தன் வந்து, இது ஆத்துப் புறம்போக்குன்னு பட்டாவ ரத்து பண்ணினா, நான் திருவள்ளூர் கோர்ட்டுக்கும் ஊட்டுக்கும் நடந்துக்கினு இருக்கணுமா?"

"எப்பவோ இருந்த ஆறுங்க ஐயா. அதுக்கும் பட்டாவுக்கும் சம்பந்தம் இல்ல."

"அப்டீன்னு எழுதிக் குடு."

எழுதிக் கொடுக்கும் அதிகாரம் எனக்கு இல்லை. அதனால் அவருடைய வரப்பை ஒட்டி, காலனி பக்கத்தில் இருந்த பொதுநிலத்தில் துளை போட்டோம். அந்தத் துளையில்தான் தண்ணீர் வந்தது.

வாசனை

அன்று காலனிக் குடங்கள்தான் முதலில் நிரம்பின. துளை அவர்கள் வாசலில் இருந்தது. பிறகு ஊருக்குள்ளிருந்து குடங்கள் வந்தன. ஒரே இடத்தில் ஊரும் காலனியும் வரிசையாக நின்று தண்ணீர் பிடித்தது அதுதான் முதல் முறை என்று எஸ்தர் என் காதில் சொன்னாள். மஞ்சளும் குங்குமமும் வந்தன. காலனியில் சிலர் ஜெபம் செய்தார்கள். முனிரத்தினம் மட்டும் தன் வரப்பில் நின்று, முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு பார்த்தார்.

நான் ஒரு பாட்டிலில் தண்ணீர் பிடித்து மூடி வைத்துக்கொண்டேன். ஜீப்பில் திரும்பும்போது திறந்து முகர்ந்தேன். மிக லேசாக ஒரு வாசனை. எங்கள் அடுக்குமாடியில் மேல்தொட்டி கழுவிய நாளில் குழாயைத் திறந்தால் வருமே, அந்த வாசனை.

மண்ணுக்கடியில் கிடந்த ஆற்றில் பிளீச்சிங் பவுடர் போட்டது யார்?

மறுநாள் அந்தத் தண்ணீரில் சோதனைத் திரவம் இரண்டு சொட்டு விட்டேன். தண்ணீர் மெல்ல மஞ்சளானது. குளோரின். சுத்திகரித்துக் குழாயில் அனுப்பும் தண்ணீரில்தான் அது இருக்கும்.

தலைவரிடம் சொன்னேன். "ஒரு சோதனையை வச்சு முடிவு பண்ண வேண்டாம். கருவி தப்பா இருக்கலாம். இன்னும் ரெண்டு தடவை பார்ப்போம். அதுவரைக்கும் ஊர்ல யார்கிட்டயும் பேசாதீங்க" என்றார். அவர் சொன்னது முறைதான். ஆனால் அவர் முகத்தில் தெரிந்த ஏமாற்றம் என் முகத்திலும் தெரிந்திருக்கும். கட்சி எதுவும் இல்லை என்று சொல்லிக்கொண்டே, நானும் அந்த ஆற்றை விரும்பத் தொடங்கியிருந்தேன் என்பது அப்போதுதான் எனக்கே புரிந்தது.

பழி

நாங்கள் மறுபடி சோதிப்பதற்குள் தண்ணீர் நின்றுவிட்டது.

எஸ்தர் போனில் அழைத்தாள். பின்னால் கூச்சல். "மேடம், நீங்க ஒடனே வாங்க. தண்ணி நின்னுபோச்சு. காலனிக்காரங்க மொதல்ல கை வெச்சதாலதான் அண்ணன் மறுபடி கோவிச்சுக்கினு போயிட்டாராம். ஊரே கூடிக்கினு எங்க மேல பழி போடுது. பரிகாரம் பண்ணணுமாம், நாங்க மன்னிப்பு கேக்கணுமாம்."

"நீ வேலைக்குப் போகலையா?"

"போனேன் மேடம். கம்பெனியில இன்னிக்குத் தண்ணி வர்ல. பைப்புல இன்னாவோ ரிப்பேராம், தொழிற்பேட்டை முழுக்கவே இல்லியாம். பாத்ரூம்லாம் பூட்டிட்டு எங்கள ஊட்டுக்கு அனுப்பிட்டாங்க."

கம்பெனியிலும் தண்ணீர் இல்லை. துளையிலும் தண்ணீர் இல்லை.

நான் போனபோது கோயில் முன்னால் கூட்டம். ஒரு பக்கம் ஊர், எதிர்ப்பக்கம் காலனி, நடுவில் எஸ்தர். கம்பெனிச் சட்டைகூட மாற்றவில்லை. கைகளைக் கட்டிக்கொண்டு நின்றாள். அழவில்லை. ஆனால் கீழுதட்டைக் கடித்திருந்தாள்.

முடிவு உறுதியாகாமல் பேசக்கூடாது என்பது எங்கள் தொழிலின் பாடம். அன்று அதைக் கடைப்பிடித்தால் இவள் மன்னிப்பு கேட்க வேண்டியிருக்கும். என் அனுமானம் தவறாக இருந்துவிட்டால் இனி யாரும் எங்களை நம்பப் போவதில்லை. பேசிவிட்டேன்.

"அது ஆத்துத் தண்ணி இல்லைன்னு நினைக்கிறேன். குழாய்த் தண்ணி. தொழிற்பேட்டைக்குப் போற பைப்பு பக்கத்துல எங்கேயோ உடைஞ்சிருக்கு. இன்னிக்கு அந்தப் பைப்புல தண்ணி விடல. அதனாலதான் இங்கேயும் நின்னுபோச்சு. யாரும் கை வெச்சதால இல்ல."

எல்லோரும் ஒரே நேரத்தில் என்மேல் பாய்ந்தார்கள். "அன்னிக்கு நீதானேம்மா வரவழிச்ச, இன்னிக்குப் பைப்புன்ற?" "சாமி விஷயத்துல வெளயாடாத!" "காலனிக்காரங்க சொல்லிக்குடுத்து பேசறா!"

"பைப்பு எங்க கீது? காட்டு!" என்றார் ஒருவர். எனக்குத் தெரியாது. கூட்டத்தில் யாருக்கும் தெரிந்ததாகக் காணவில்லை.

கடப்பாரை

"நான் காட்டறேன்."

முனிரத்தினம். அதுவரை வேப்ப மரத்தடியில் தனியாக நின்றிருந்தார். வீட்டுக்குப் போய் ஒரு கடப்பாரையும் மண்வெட்டியும் எடுத்துவந்தார். தன் வரப்போரமாக நடந்தார். கூட்டம் பின்னாலேயே போனது.

"ரொம்ப நாளைக்கு முன்னாடி என் வரப்ப ஒட்டி பள்ளம் தோண்டிப் பெரிய பைப்பு பொதைச்சாங்க. எனக்கு நெனப்பு கீது. என் நெலத்துல கால் வெக்காதீங்கடான்னு நின்னுக்கினே இருந்தேன்."

யாரையும் தொடவிடவில்லை. அந்த வயதில், அந்த வெயிலில், தானே தோண்டினார். மேல்மண் வெடித்துக் காய்ந்திருந்தது. இடுப்பளவு போனதும் மண் கறுத்தது. இன்னும் கொஞ்சம் போனதும் மண்வெட்டி 'ச்சளக்' என்றது. சேறு. கைகளால் வழித்து எறிந்தார். துருப்பிடித்த இரும்புக் குழாயின் முதுகு தெரிந்தது. இரண்டு குழாய்கள் சேரும் இடத்தில் வாய் பிளந்திருந்தது. தண்ணீர் விடாத நாளிலும் அதிலிருந்து சொட்டிக்கொண்டிருந்தது.

அவர் பள்ளத்துக்குள்ளிருந்து நிமிர்ந்து கூட்டத்தைப் பார்த்தார்.

"இந்தப் பைப்பு ஒடஞ்சதுக்கு அந்தப் பொண்ணு இன்னாடா பண்ணுவா? போய் வேலையப் பாருங்க."

நியாயத்துக்காகத் தோண்டினாரா, ஆறு இல்லை என்று காட்டித் தன் நிலத்தைக் காப்பாற்றிக்கொள்ளத் தோண்டினாரா என்பது இன்றுவரை எனக்குக் குழப்பம்தான். அவருக்கே தெரிந்திருக்குமா என்பதும் சந்தேகம்.

கூட்டம் கலைந்தது. மன்னிப்பு யாரும் கேட்கவில்லை. எஸ்தரிடமும் யாரும் வந்து பேசவில்லை. நெடுஞ்சாண் கிடையாக விழுந்து கும்பிட்ட பெரியவர் மட்டும் பள்ளத்தின் ஓரத்தில் நின்றுகொண்டிருந்தார். என்னைப் பார்த்து, "அப்போ நான் கும்பிட்டது?" என்றார்.

எஸ்தர் பள்ளத்துக்குள் எட்டிப் பார்த்தாள். பிறகு மெதுவாகச் சொன்னாள்.

"எங்க வாசலாண்டயே குடிதண்ணி போய்க்கினு இருந்திருக்கு. நாங்க லாரிக்குக் குடத்த வெச்சிக்கினு ரோட்ல நின்னுக்கினு இருந்தோம்."

அடுத்த வாரம் அவள் காலனிப் பெண்களைச் சேர்த்துக்கொண்டு, தொழிற்பேட்டைக்குப் போகும் சாலையில் காலிக்குடங்களோடு உட்கார்ந்தாள். முதல் நாள் காலனி மட்டும். மறுநாள் ஊரிலிருந்தும் சில பெண்கள் வந்து கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தார்கள். பேச்சுவார்த்தைக்கு வந்தவர்கள், அது ஆலைகளுக்கான குழாய், அதில் ஊருக்கு இணைப்புத் தர விதி இல்லை என்றார்கள். "ஒடஞ்சா மட்டும் எங்க ஊருக்கு வர்றதுக்கு விதி கீதா?" என்று எஸ்தர் கேட்டாளாம். நான் அங்கே இல்லை. சொன்னவர்கள் சிரித்துக்கொண்டே சொன்னார்கள்.

இழுபறியாகத்தான் போனது. ஆனால் மழைக்காலம் தொடங்கும் முன்பு காலனி முனையில் ஒரு குழாயும் கோயில் முனையில் ஒரு குழாயும் வந்துவிட்டன. உடைந்த இணைப்பையும் மாற்றினார்கள். எங்கள் துளை வறண்டது.

இரண்டு சிப்பிகள்

ஆய்வு முடிகிற கட்டம். இன்னும் ஒரே ஒரு துளைக்குத்தான் நிதி மிச்சமிருந்தது. எங்கே போடுவது என்று நாங்கள் பேசிக்கொண்டிருந்த நாட்களில் ஒரு மாலை, திருவள்ளூர் நடைமேடையில் ரயிலுக்கு நின்ற என்னை முனிரத்தினம் போனில் கூப்பிட்டார்.

"என் நெலத்துலயே போட்டுப் பாரும்மா."

நம்பாமல், "ஏங்க ஐயா?" என்றேன்.

"பைப்பு பைப்புதான். அத்த நானே தோண்டிட்டேன். அதுக்குக் கீழ இன்னா கீதுன்னு தெர்லியே. வரப்புல நின்னா காலு கூசுது. தெரிஞ்சிக்காம இருக்கறது பேஜாரா கீது."

அறுவடை முடிந்த வயலில் துளை போட்டோம். களி, மணல், மறுபடி களி. கடைசியில் கறுத்த சேறு ஒரு கைப்பிடி வந்தது. கழுவினேன். இரண்டு சிப்பிகள் மிஞ்சின. ஒன்று மெல்லியது, உட்புறம் முத்து நிறத்தில் பளபளப்பது. நல்ல தண்ணீரில் வாழும் மட்டி. இன்னொன்று தடித்தது, முதுகில் வரிவரியாக மேடு கட்டியது, கடல் சிப்பி.

ஷிப்ட் முடிந்து அந்த வழியாக வந்த எஸ்தரும் வரப்பில் ஏறி நின்று எட்டிப் பார்த்தாள். முனிரத்தினம் இரண்டையும் உள்ளங்கையில் வாங்கிக்கொண்டார்.

"இதுல எது ஆறு, எது கடலு?"

காட்டினேன்.

"ரெண்டும் ஒரே எடத்துலயா?"

"ஒரே கைப்பிடியில."

"அப்போ ஆறு வந்து இங்கதான் கடல்ல சேந்துச்சா?"

"இருக்கலாம். புயல்ல கடல் உள்ள வந்து கொண்டுவந்து போட்டிருக்கலாம். பழவேற்காடு மாதிரி ஒரு ஏரி இங்க இருந்திருக்கலாம். எதையும் அடிச்சுச் சொல்ல முடியல."

"இவ்ளோ படிச்சிட்டு, இவ்ளோ ஓட்டை போட்டுட்டு, தெரியலன்றீங்களே மேடம்" என்றாள் எஸ்தர். குறையாகச் சொல்லவில்லை, பாவப்பட்டுச் சொன்னாள்.

"தெரியலைன்னுதான் எழுதப் போறேன்" என்றேன். "ஆனா இந்த இடத்தையும் குறிச்சாகணும் ஐயா. சர்வே நம்பரோட. அது இல்லாம அறிக்கை செல்லாது."

அவர் சிப்பிகளைக் கட்டை விரலால் புரட்டினார். மெல்லிய மட்டியில் ஒட்டியிருந்த சேற்றை வேட்டி நுனியில் துடைத்தார். வயலை ஒரு கோடியிலிருந்து மறுகோடிவரை பார்த்தார். அவர் மறுக்கப் போகிறார் என்றுதான் நினைத்தேன்.

"நம்பரு போட்டுக்கோ" என்றார் கடைசியில். "ஆனா என் பேரையும் சேத்துப் போடு. முனிரத்தினம்னு முழுசா எழுது. நாளைக்கு நெசமாவே ஆறோ கடலோ திரும்பி வந்துச்சுன்னா, யாரு ஊட்டு நெலம்னு அதுக்குத் தெரிய வேணாவா?"